முதுகெலும்பு இல்லாதவை மட்டும்

அத்தியாயம் 6

“செத்துப்போனவங்க யார் யாருங்க அம்மணி?” என்று கேட்டாள் துப்பறியும் மாசாணியம்மாள்.

ஹர்ஷிணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கடற்சாமந்தி ஒண்ணுங்க. இறால் அத்தனையும். நத்தை அத்தனையும். அப்புறம் துறவி நண்டு.”

“துறவியா?” மாசாணியின் உதவியாளன் அய்மன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். “அடப்பாவமே! உலகமே வேண்டாம்னு ஓட்டுக்குள்ள போய் உட்கார்ந்தவரைக்கூட விட்டு வைக்கலியா?”

“ஏனுங்க தம்பி, இது எழவு விழுந்த ஊடு. சர்க்கஸ் இல்ல,” என்றார் லட்சுமணசாமி.

“மன்னிச்சுக்குங்க ஐயா. எங்க மேடம் யோசிப்பாங்க, நான் பேசுவேன். வேலையை அப்படித்தான் பிரிச்சிருக்கோம்.”

லட்சுமணசாமி சிரிக்கவில்லை. எழுபது தாண்டியும் அவருடைய முதுகு நாற்காலியில் சாய்ந்ததில்லை. ராசாத்தாள் பம்ப்ஸ் என்று தன் தாயின் பெயரில் அவர் ஆரம்பித்த கம்பெனியின் மோட்டார்கள் அன்னூரிலிருந்து ஆனைமலை வரை எத்தனையோ கிணறுகளில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெயரைச் சொன்னால் கடைவீதியில் எழுந்து நிற்பவர்கள் இன்னும் இருந்தார்கள். அப்படிப்பட்டவர் ஆர்.எஸ்.புரத்து வீட்டுக் கூடத்தில், துப்பறிகிற பெண் ஒருத்தியை உட்காரவைத்து, இறால் செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

கிழக்குச் சுவரை ஒட்டி, ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே கடல். சிறுவாணித் தண்ணீரை வடிகட்டி, உப்புப் பொடியை அளந்து கரைத்து, பாறை அடுக்கி, வாரக்கணக்கில் காத்திருந்து பேத்தி ஹர்ஷிணி உண்டாக்கிய கடல். மேலே சங்கிலியில் தொங்கிய விளக்கும் கடையில் வாங்கியதல்ல. ஜன்னலுக்குப் போடும் அலுமினியச் சானலை அறுத்து, வெள்ளையும் நீலமும் ஊதாவுமாக எல்.இ.டி மணிகளை ஒட்டி, சூடு தணிக்கப் பழைய கம்ப்யூட்டர் விசிறியை மேலே வைத்து, அவளும் பிரான்சிசும் சேர்ந்து செய்தது. அது முதன்முதலில் எரிந்த அன்று, “மாரியம்மன் நோம்பிக்குச் சீரியல் செட் போட்டாப்ல இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனவர் லட்சுமணசாமி.

இப்போது தொட்டியில் உயிரோடு இருந்தவை இரண்டு கோமாளி மீன்கள்தாம். பூப்போல விரிந்து அவற்றுக்கு வீடாக இருந்து, இப்போது கூழாகிச் சரிந்து கிடந்த கடற்சாமந்தியை, இடிந்த வீட்டின் அஸ்திவாரத்தைச் சுற்றி வருகிறவர்களைப்போல, அவை சுற்றிச் சுற்றி வந்தன.

“எனக்குச் சந்தேகமே இல்லீங்க,” என்றார் லட்சுமணசாமி. “இந்த லைட்டுதான் காரணம். இதைச் செஞ்சவன் பேரு பிரான்சிஸ். என்ற பேத்தியோட காலேஜுல படிச்சவன். அவங்க தாத்தா எங்க அன்னூர்த் தோட்டத்துல பண்ணையத்துல இருந்தவரு. அப்பன் அங்கப்பன் கரண்ட் ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவன். பையன் ரெண்டெழுத்துப் படிச்சுப்போட்டு என்ற ஊட்டுக் கூடத்துல ஒயர் இழுக்கற அளவுக்கு வந்துட்டான். அதை நீங்க ருசுப்படுத்திக் குடுத்தாப் போதும். மிச்சத்தை ஸ்டேஷன்ல பார்த்துக்கறேன்.”

“அப்பாரு!” ஹர்ஷிணி தாத்தாவின் பக்கம் திரும்பினாள். “ஸ்டேஷன் எதுக்குங்க? பொங்கலுக்கு நான் அவனைக் கட்டிக்கறேன்னு சொன்னதுக்கா?”

லட்சுமணசாமி பேத்தியைப் பார்க்கவில்லை. பொங்கலன்று அவள் கேட்டதற்கு அவர் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. முடியாது என்று சொல்ல, ஊருக்குக் காட்டக்கூடிய ஒரு காரணம் தேவைப்பட்டது. அது தொட்டியில் செத்து மிதந்தது.

“கவலைப்படாதீங்க ஐயா,” என்றான் அய்மன். “எங்க மேடத்துக்கு ஊர் ஆனைமலை. பேரே மாசாணியம்மாள். அங்க மாசாணியம்மன் கோயில்ல, பொருள் திருட்டுப் போனவங்க திருடன் புடிபடணும்னு மிளகாய் அரைச்சுப் பூசுவாங்க. இவங்களுக்கு அதுகூட வேண்டாம். ஒரு கப் காபி போதும்.”

மாசாணி தொட்டியின் முன்னால் குனிந்து, ஒரு பாறைக்கு அடியில் உள்ள பொந்தின் வாயில் செத்துக் கிடந்த நத்தையைக் காட்டினாள். “இந்த நத்தை எங்க இருந்துச்சுங்க அம்மணி?”

“அந்தப் பொந்துலதாங்க. வெளிய வரவே வராது.”

“அங்க லைட்டு படுமா?”

“படாதுங்க.”

“அப்ப லைட்டு கொன்னிருந்தா, இருட்டுல இருந்த நத்தை எப்படிச் செத்துச்சுங்க ஐயா?”

“கரண்டு இறங்கியிருக்கும்,” என்றார் லட்சுமணசாமி.

“தண்ணிக்குள்ள கரண்டு இறங்குனா மீனுக்கும்தானே இறங்கும்? ஏனுங்க அம்மணி, நீங்க தினமும் உள்ள கை விடுவீங்களா?”

“பாசி சுரண்ட விடுவேனுங்க. எனக்கு ஒண்ணும் ஆகலியே.”

“மேடம், அப்ப கரண்டு ஆள் பார்த்து அடிச்சிருக்கு,” என்றான் அய்மன்.

மாசாணி நிமிர்ந்தாள். “ஆமா. ஆள் பார்த்துத்தான் அடிச்சிருக்கு. நல்லாப் பாரு. முதுகெலும்பு இருக்கறது ரெண்டும் பிழைச்சிருக்கு. முதுகெலும்பு இல்லாதது அத்தனையும் போயிருக்கு. இது லைட்டோட வேலை இல்லீங்க. தண்ணிக்குள்ள ஏதோ கலந்திருக்கு. ஏனுங்க, தொட்டியில யாராச்சும் புதுசா எதையாவது போட்டீங்களா? மாத்துனீங்களா?”

“இல்லீங்க,” என்றாள் ஹர்ஷிணி.

மாசாணியின் பார்வை லட்சுமணசாமியிடம் வந்து நின்றது.

“நானா? எனக்கும் மீனுக்கும் என்னங்க சோலி?”

கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்ததை அவரே கவனித்தார். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

“கீழே பெட்டியைத் திறக்கலாமுங்களா?”

தொட்டிக்குக் கீழே மரப்பெட்டி. வடிந்து வரும் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி மேலே ஏற்றும் சாமான்கள் அதற்குள் இருந்தன. ஹர்ஷிணி கதவைத் திறந்ததும் லட்சுமணசாமி இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

உள்ளே கறுப்பு நிறப் பிளாஸ்டிக் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வைத்த பம்ப்பைக் காணவில்லை.

நடந்தது இதுதான். போன மாதம் பம்ப் சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தொட்டியை வியந்து பார்த்தார். பெட்டியையும் திறந்து பார்த்தார். “ஏனுங்க லட்சுமணசாமி, ராசாத்தாள் பம்ப்ஸ் ஊட்டுல சைனா மோட்டாரா ஓடுது?” என்று கேட்டுவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு லட்சுமணசாமியின் காதைவிட்டுப் போகவே இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போன பகலில், கோயில் நீரூற்றுகளுக்காகத் தன் கம்பெனி செய்யும் குட்டிப் பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து, தன் கையாலேயே மாட்டினார். உள்ளே சுழல்வது கன்மெட்டல் சக்கரம். செம்பு கலந்து வார்த்தது. மாட்டி முடித்தபோது தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. பிளாஸ்டிக் மோட்டாரைப் பெட்டியின் மூலையில் போட்டுவிட்டு, பேத்தி ஒருநாள் “இப்ப தண்ணி எப்படிப் பாயுது பாருங்க” என்று வியந்து சொல்லும்போது, “அது நம்ம பம்ப் கண்ணு” என்று சொல்லலாமென்று காத்திருந்தார். சொல்கிற நாள் வருவதற்குள் கடற்சாமந்தி சரிந்துவிட்டது.

அதற்கும் பம்ப்புக்கும் தொடர்பு இருக்குமென்று அவர் நினைக்கவில்லை. செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். செம்பு தண்ணீரைச் சுத்தம்தான் செய்யும். அப்படியிருக்க, சொந்த வீட்டில் திருடனைப்போல ஒளிந்து மாட்டியதை எதற்காக வெளியே சொல்ல வேண்டும்?

ஆனால் இப்போது அந்தப் பம்ப்பை யார் எடுத்தார்கள்? கேட்க முடியாது. கேட்டால், வைத்தது யார் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

மாசாணி பெட்டிக்குள் கை விட்டு, வெள்ளைக் குழாயின் உள்விளிம்பை விரலால் தடவினாள். விரல் நுனியில் பச்சையாக ஒட்டியது.

“பாசியா மேடம்?”

“பாசி வழுக்கும். இது மாவு மாதிரி உதிருது. கோயில் மணியோரம் மழை பட்டா வருமே, அந்தப் பச்சை. செம்பு.” அவள் கைக்குட்டையில் விரலைத் துடைத்தாள். “இறாலுக்கும் நத்தைக்கும் சாமந்திக்கும் துளி செம்பு போதுமுங்க, ஆயுசு முடிஞ்சுரும். மீன் தாங்கிக்கும். உப்புத் தண்ணி செம்பைக் கரைச்சுக்கிட்டே இருக்கும். யாரோ இங்க செம்புச் சாமான் ஒண்ணை வெச்சிருக்காங்க. அப்புறம் யாரோ அதை எடுத்திருக்காங்க. வெச்சவங்களும் எடுத்தவங்களும் ஒரே ஆளான்னு தெரியணும்.”

அவமானம் என்பது அடுத்தவர் பார்க்கும்போது வருவது என்றே லட்சுமணசாமி இத்தனை வருஷமும் நம்பியிருந்தார். யாரும் பார்க்காதபோதே அது காதுமடல் வரைக்கும் சுட்டது. அத்தனை உயிரையும் கொன்றது ராசாத்தாள் பம்ப். தாயின் பெயர் பொறித்த தகட்டோடு. நோம்பி விளக்கென்று அவர் கேலி செய்த விளக்கு, ஒரு நத்தையைக்கூடத் தொடவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

கம்பெனி மேனேஜர் காளிச்சாமி முன்னால் வந்தான். லட்சுமணசாமிதான் காலையில் அவனை அனுப்பி அப்பனையும் மகனையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார். பின்னால் பிரான்சிஸ், தோளில் மாட்டிய பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் கட்டம் போட்ட சட்டையும் மடிப்புக் கலையாத பேன்ட்டுமாக அங்கப்பன். கூடத்தில் காலி நாற்காலிகள் இருந்தன. லட்சுமணசாமி உட்காரச் சொல்லவில்லை. அங்கப்பனும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. தான் நிற்கிற இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தவரைப்போல ஜன்னலோரம் போய் நின்றார்.

“பையைக் காட்டுடான்னு கேட்டா காட்ட மாட்டேங்கறானுங்க,” என்றான் காளிச்சாமி. “வழியெல்லாம் குழந்தையாட்டக் கட்டிப்புடிச்சுட்டு வாரானுங்க.”

பிரான்சிஸ் நேராக லட்சுமணசாமியிடம் வந்தான். “ஐயா, உங்ககூடத் தனியா ரெண்டு வார்த்தை பேசணுங்க.”

“தனியாப் பேச உனக்கும் எனக்கும் என்ன இருக்குது?”

“ரெண்டே வார்த்தைங்க. உள் ரூம்ல...”

“என்ற ஊட்டு உள் ரூமுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போகணுமா? இருக்கறதை இங்கயே கொட்டு!”

கோபம் நிஜமாகத்தான் வந்தது. அது யார்மேல் வந்த கோபம் என்று யோசிக்க அவர் தனக்கு நேரம் கொடுக்கவில்லை. எழுந்தார். பையை அவன் கையிலிருந்து பிடுங்கினார். தலைகீழாகக் கவிழ்த்தார்.

வயர் கட்டர் விழுந்தது. பற்றவைக்கும் சால்ட்ரிங் அயர்ன் விழுந்தது. டிபன் டப்பா விழுந்து மூடி கழன்று, தக்காளி சாதம் தரையில் சிதறியது. சின்னப் பாக்கெட் ஒன்று பிய்ந்து, பொட்டுக்கடலையிலும் சிறிய எல்.இ.டி மணிகள் கூடமெங்கும் தெறித்தன. கடைசியாக, துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று ‘ணங்’கென்று விழுந்து, துண்டு விலகிப் புரண்டது.

தகடு மேலே பார்த்தபடி நின்றது. ராசாத்தாள்.

“அய்யோ, நம்ம கம்பெனிப் பம்புங்க!” காளிச்சாமி கத்தினான். “குடோன்ல இருந்து திருடிப்போட்டானுங்க! அதுதான் பையைக் குடுக்க மாட்டேன்னிருக்கான் திருட்டுப் பயல்!”

அங்கப்பன் ஜன்னலைவிட்டு அசையவில்லை. “ஏன் கண்ணு, எடுத்தியா?”

“எடுத்தேம்ப்பா.”

“எங்கிருந்து?”

பிரான்சிஸ் தரையைப் பார்த்தான். ஹர்ஷிணி அவனைப் பார்த்தாள்.

லட்சுமணசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இறால்கள் செத்த அன்று காலையில் முதலில் ஓடி வந்தவன் இவன். பெட்டியைத் திறந்திருக்கிறான். தகட்டைப் பார்த்திருக்கிறான். யார் வைத்தது என்று புரிந்துகொண்டு, பழைய மோட்டாரை மாட்டிவிட்டு இதைத் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறான். இன்று அதைத் தன்னிடம் தனியாகக் கொடுக்க வந்திருக்கிறான்.

ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. சும்மா இருந்தால் போதும். காளிச்சாமியே போலீசுக்கு ஃபோன் செய்வான். திருட்டு என்று ஆகும். பொங்கலன்று கேட்ட கேள்விக்குப் பதிலும் ஆகும்.

லட்சுமணசாமி சும்மா இருந்தார்.

“ஸ்டேஷனுக்குச் சொல்லிரட்டுங்களா?” காளிச்சாமி ஃபோனை எடுத்தான்.

“பொறுங்க,” என்றாள் மாசாணி. பம்ப்பை எடுத்து மேஜைமேல் வைத்து, தண்ணீர் வெளியேறும் வாயை உற்றுப் பார்த்தாள். மரையில் ஏதோ நூல் சுற்றியிருந்தது. உப்பும் பச்சையும் படிந்து என்ன நூலென்று தெரியவில்லை. “ஏனுங்க அம்மணி, இந்த லைட்டுல ஊதா மட்டும் தனியா எரியுமா?”

“எரியுமுங்க. சாமந்தி பச்சையா மின்னணும்னு அதுக்குத் தனி ஸ்விட்ச் வெச்சோம்.”

“கழட்டிக் குடுங்க. அய்மா, திரைச்சீலையை இழுத்து விடு. கூடத்து லைட்டை அணை.”

கூடம் இருண்டது. ஊதா வெளிச்சம் மேஜைமேல் கவிந்தது. பம்ப் கறுப்பாகத் தெரிந்தது. அதன் வாயைச் சுற்றி மட்டும், வளையம் போட்டதுபோல நூல் பளீரென்று ஒளிர்ந்தது.

“சணல் இப்படி மின்னாதுங்க,” என்றாள் மாசாணி. “சோப்புத் தூள் போட்டுத் துவைச்ச வெள்ளைத் துணிதான் ஊதாவுல இப்படி எரியும். அதுல போடற வெளுப்பு மருந்தோட குணம். இந்தக் காலத்துப் பசங்க ஜாயின்ட்டுக்கு வெள்ளை டேப் சுத்துவாங்க. அதுக்கு முந்துன ஆளுங்க சணல் சுத்துவாங்க. தோட்டத்துல கையில சணலும் இல்லைன்னா, பழைய பம்ப்செட்டு ஆளுங்க ஒரு வேலை பண்ணுவாங்க. எங்கப்பா பண்ணுவாரு. கட்டியிருக்கற வேட்டி ஓரத்துல நூலை உருவிச் சுத்துவாரு. ஒரு சொட்டு ஒழுகாது.”

அவள் விளக்கைச் சற்றே உயர்த்தினாள்.

காளிச்சாமி காக்கியில் நின்றான். அய்மன் கறுப்புச் சட்டை. பிரான்சிஸ் நீலம். இருட்டுக்குள் எல்லோரும் கரைந்துபோயிருக்க, அறை நடுவில் ஒரே ஓர் உருவம் இடுப்பிலிருந்து கால்வரை வெண்ணீல நெருப்பாக எரிந்தது.

“ஐயா, நீங்க ட்யூப்லைட்...” என்று ஆரம்பித்த அய்மன், பாதியில் நிறுத்திக்கொண்டான். அன்றைக்கு அவன் முடிக்காமல் விட்ட ஒரே நகைச்சுவை அதுதான்.

மாசாணி யாரையும் காட்டவில்லை. “என்ற வேலை இதோட முடிஞ்சுதுங்க. பேரை நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவங்க சொன்னாத்தான் அதுக்கு மதிப்பு.”

மேலே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நான்தாங்க!”

குரல் பிரான்சிசுடையது. “நான்தான் மாட்டினேன். பம்பு... பம்பை நான்தான் எடுத்தேன். அந்த நூலு எங்கப்பா வேட்டிங்க. ஊட்டுல கிடந்துச்சு, உருவிச் சுத்தினேன். தப்பு என்மேலதாங்க. விடுங்க.”

அங்கப்பன் மகனைப் பார்த்தார். குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்தார். அவர் வேட்டி கட்டுகிறவர் இல்லை என்பது அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் மறுத்துப் பேசவில்லை. மகன் பொய் சொல்கிறான், அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்கிற அளவுக்கு அவருக்கு மகனைத் தெரியும்.

ஊரில் யாரும் லட்சுமணசாமியைக் கைநீட்டிப் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. தன் மானத்தை மூட, தான் உட்காரச் சொல்லாத மனிதனின் இல்லாத வேட்டியை இழுத்துப் போர்த்துகிறான் இந்தப் பையன். அந்த நிழலில் ஒண்டிக்கொண்டு தான் நிமிர்ந்து நிற்பதாக ஊர் நம்ப வேண்டும். இதைவிட அம்மணம் வேறென்ன இருக்கிறது?

“ஏன்டா பொய் சொல்ற?” என்று கேட்டார் லட்சுமணசாமி. “எதுக்கு?”

பிரான்சிஸ் தயங்கினான். “ஹர்ஷிணி எப்பவும் உங்களைப் பத்தித்தாங்க பேசுவா. எங்க அப்பாரு ஒரு தப்பான சாமானைக் கடைக்கு அனுப்ப மாட்டாருன்னு. அவ முன்னால உங்களுக்கு இது வேண்டாம்னு நினைச்சேனுங்க.”

“காளிச்சாமி.”

“ஐயா?”

“ஃபோனை உள்ள வை. லைட்டைப் போடு.”

கூடம் வெளிச்சமானது. லட்சுமணசாமி வேட்டியின் ஓரத்தைக் கையில் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி விரித்தார். மயில்கண் கரையை ஒட்டிய வெள்ளையில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் உருவிய தடம் இருந்தது. “இது என்ற நூல். பம்பு என்ற பம்பு. சங்கத்துக்காரன் ஒருத்தன் சிரிச்சுப்போட்டான்னு ஆளில்லாத நேரத்துல நானே மாட்டினேன். அதுதான் எல்லாத்தையும் கொன்னுருக்குது. அது எனக்கு மாட்டும்போது தெரியாது. ஆனா கொஞ்ச நேரத்துக்கு முன்னால, இந்த அம்மணி குழாயைத் தடவினப்பவே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பின்னாடிதான் இந்தப் பையன் பையைக் கொட்டினேன். அவனைத் திருடன்னு சொன்னப்ப வாயை மூடிட்டு நின்னேன்.”

அவர் பேத்தியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தொட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லியிருந்தீங்கன்னா,” என்றாள் கண்ணாடியிடம், “பிளாஸ்டிக் சக்கரம் போட்டு ஒண்ணு செஞ்சு குடுங்க அப்பாருன்னு நானே கேட்டிருப்பேன். நம்ம பம்புதான் ஓடுதுன்னு எல்லார்கிட்டயும் காட்டியிருப்பேன்.”

லட்சுமணசாமி ஜன்னல் பக்கம் திரும்பினார். “அங்கப்பா...” என்று தொடங்கினார். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

அங்கப்பன்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. “உண்மையைச் சொல்லிப்போட்டீங்க. சரிங்க. எம் பையன் திருடன் இல்லைன்னு ஆகிப்போச்சு. அது எனக்கு முன்னாடியே தெரியுமுங்க.” அவர் தரையைக் காட்டினார். “ஆனா அவன் பையைக் கொட்டுனீங்களே, அது அப்படியே கிடக்குதுங்களே.”

காளிச்சாமி பாய்ந்து குனிந்தான். “நான் எடுத்துப்போடறேனுங்க...”

“நீ எடுக்காதே,” என்றார் லட்சுமணசாமி.

முதலில் அவர் இடுப்பை மட்டும் வளைத்துப் பார்த்தார். முடியவில்லை. முழங்கால் தரையில் பட்டது. வயர் கட்டரை எடுத்துப் பைக்குள் வைத்தார். சால்ட்ரிங் அயர்னின் வயரைச் சுருட்டி வைத்தார். தரையில் கிடந்த தக்காளி சாதத்தை இரண்டு கையாலும் கூட்டி அள்ளித் தன் தோள்துண்டில் போட்டார். டப்பாவைத் துடைத்து மூடினார். அந்த வீட்டில் அவர் தரையைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

ஹர்ஷிணி ஒரு அடி முன்னால் வந்தாள். மாசாணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அங்கப்பன் வேண்டாமென்று சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை. ஜன்னலோரமே நின்றார்.

மணிகள்தாம் சிரமம் கொடுத்தன. சோபாவுக்கு அடியில், நாற்காலிக் காலுக்குப் பின்னால், தொட்டிப் பெட்டியின் இடுக்கில் எல்லாம் அவை உருண்டு கிடந்தன. லட்சுமணசாமியின் கண்ணுக்கு அவை தெரியவில்லை. தரையைத் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கிடைத்ததைவிடக் கிடைக்காததே அதிகமாக இருந்தது.

சோபாவின் முன்னால் மண்டியிட்டபடி, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“தம்பி, உங்க லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கமாப் புடிங்க. எனக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்குது.”

பிரான்சிஸ் அப்பாவைப் பார்த்தான். அங்கப்பன் சம்மதமாகத் தலையை அசைத்தார்.

அய்மன் கூடத்து லைட்டை அணைக்க, மேஜைமேலிருந்த விளக்கு பிரான்சிசின் கையில் இறங்கி வந்தது. ஊதா வெளிச்சத்தில் தரையெங்கும் சிதறிக் கிடந்த மணிகள் தெரிந்தன. அவற்றின் நடுவே, ஒளித்துவைக்க இடமில்லாமல், அந்த வேட்டி எரிந்துகொண்டிருந்தது.